என் வீட்டுக்காரரைக் காப்பாற்றிய வேர்

"கசக்குதாண்ணே?"

"கசக்குது."

"நல்லா மென்னு பாத்துச் சொல்லுங்க. கசக்குதா, சப்புன்னு இருக்கா?"

"கசக்குதுடா. எத்தன தடவடா சொல்றது."

குளத்துக் கரையில், இடுப்புவரை சேறோடு உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் கணேசன் வேப்பிலையை மென்றுகொண்டிருந்தார். வலது கணுக்காலுக்குச் சற்று மேலே இரண்டு புள்ளிகள். ஒன்றிலிருந்து கசிந்த ரத்தம் சேற்றோடு சேர்ந்து பாதத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஊர் ஆம்பிளைகள். கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் பக்கத்து வீட்டுப் பழனி. பதில் வந்ததும் எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது.

"அப்பறம் என்ன, தண்ணிப்பாம்பாத்தான் இருக்கும்," என்றார் ஒருவர். இன்னொருவர் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

நான் எதிர்க்கரையில் மீன் துழாவிக்கொண்டிருந்தேன். கூட்டம் கூடியதைப் பார்த்துச் சேற்றில் ஓடி வந்தேன். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை நான். என் தொண்டை எப்படிப்பட்டது என்று இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு அது முழுசாகத் திறந்தது.

"இலைய மொதல்ல துப்புங்க. எந்திரிக்கக் கூடாது, நடக்கக் கூடாது. யாராச்சும் வண்டி எடுங்கய்யா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அண்ணி, பதறாதீங்க. அண்ணனுக்குக் கசக்குது," என்றான் பழனி. டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட மாதிரி அவ்வளவு நிதானம்.

இன்றைக்கும் யாராவது என் எதிரில் "கசக்குது" என்று சொன்னால், பாகற்காயைத்தான் சொல்கிறார்கள் என்றாலும், எனக்குக் கை பரபரக்கிறது.

நாக்குக்கு வைக்கும் பரீட்சை

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாம்பு கடித்தால் வேப்பிலை மெல்லக் கொடுப்பார்கள். சில வீட்டில் மிளகு, சில வீட்டில் பச்சை மிளகாய். விஷம் ஏறியிருந்தால் நாக்கு மரத்துப்போய்க் கசப்பும் காரமும் தெரியாதாம். தெரிந்தால் விஷமில்லையாம். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிடலாமாம்.

இந்தப் பரீட்சையில் எல்லோரும் பாஸ். ஏன் பாஸ் என்று கேட்கத்தான் ஆளில்லை. குளத்தில் கடிப்பது பெரும்பாலும் தண்ணிப்பாம்பு. அதற்கு விஷமே கிடையாது. என்னையும் கடித்திருக்கிறது, ஒரு டெட்டால் துணியோடு போயிற்று. கடிபட்டவன் வேப்பிலை மெல்கிறான், கசக்கிறது, பிழைத்துக்கொள்கிறான். அவன் பிழைத்தது பாம்புக்கு விஷமில்லாததால். பேர் வாங்கிக்கொண்டு போவது வேப்பிலை.

கண்ணாடி விரியன் கடித்தவனுக்கும் நாக்கு நன்றாகவே வேலை செய்யுமாம். வேப்பிலை கசக்கும், சர்க்கரை இனிக்கும், உள்ளே ரத்தம் மட்டும் உறையும் குணத்தை இழந்துகொண்டிருக்கும். இதைப் பிற்பாடு ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கடித்தது என்ன என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை.

"என்ன பாம்புன்னு பாத்தீங்களா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"எங்க பாக்குறது. சுருக்குன்னுச்சு, காலை உதறுனேன், போயிருச்சு."

"அப்ப தண்ணிப்பாம்புன்னு யாரு சொன்னது?"

"டீச்சரம்மா, காலு ஈரமா இருக்கையில கடிச்சா விஷம் ஏறாது," என்று பீடிக்காரர் எடுத்துக் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைப் பீடியோடு குளத்தில் தள்ளியிருப்பேன்.

ஊர் இறங்கும் நாள்

அது சித்திரை மாதம். தஞ்சாவூர் மாவட்டத்தில், பூதலூர் பக்கத்தில் எங்கள் ஊர். மேட்டூர் அணையை அடைத்து, புதாற்றில் தண்ணீர் வரத்து நின்று, வாய்க்கால் காய்ந்து, ஊர்க்குளம் முழங்காலளவுக்கு வற்றிவிடும். முதலில் குளத்தை ஏலம் எடுத்தவர் வலைபோட்டுப் பெரிய மீனை எடுத்துக்கொள்வார். அவர் துண்டை வீசிவிட்டால் மிச்சம் ஊருக்கு. ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இறங்குவோம். லீவு போட்டுவிட்டு இறங்கும் ஆட்கள் உண்டு. சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்குகிறவர்களும் உண்டு.

கையில் ஊத்தா இருக்கும். அடியில்லாத மூங்கில் கூடை அது. கலங்கிய தண்ணீரில் டபக்கென்று கவிழ்ப்போம். உள்ளே மீன் அகப்பட்டால் மூங்கிலில் முட்டுவது கைக்குத் தெரியும். மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். கெளுத்தி குத்தும், விரால் வழுக்கும், ஜிலேபிக் கெண்டை முள்ளால் கிழிக்கும். அந்தச் சந்தோஷத்தை எழுதத் தொடங்கினால் இந்த அத்தியாயம் போதாது. எனக்கு அதில் இருக்கும் வெறியை மறைக்கவும் மாட்டேன்.

ஆனால் இறங்குவதற்கு முன் நான் கரையில் நின்று விசில் ஊதுவேன். ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். "வளையில கைய விடாதீங்க. ஊத்தாவுக்குள்ள கை விடுறதுக்கு முன்ன குச்சிய விட்டுக் கலக்குங்க. கரையேறும்போது கால் வைக்கிற எடத்தைத் தட்டிட்டு வைங்க. வெறுங்காலோட புல்லுக்குள்ள போகாதீங்க." ஒவ்வொரு வருஷமும் இதே பாட்டு. தண்ணீருக்குள் இருப்பதைவிடக் கரையில் இருப்பதுதான் பயம் என்று தொண்டை வலிக்கச் சொல்வேன். அறுவடை முடிந்த வயலில் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு, வெயில் ஏறினால் பாம்புக்கு நிழல் வேண்டும். குளத்துக் கரையைத் தவிர அந்தப் பொட்டலில் நிழல் எங்கே இருக்கிறது?

கேட்பது ஒரே ஒரு ஆள். பழனியின் மனைவி செல்வி. குச்சியோடுதான் இறங்குவாள். "டீச்சரக்கா, விசில் ஊதியாச்சா, எறங்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைப்பாள். பாதி கேலி, பாதி நிஜம். அந்தப் பாதி நிஜமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த வருஷம் ஏலக்காரரின் ஆட்கள் முந்தின நாள் குளத்திலிருந்த ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் குவித்துப் போட்டிருந்தார்கள். மேலே காய்ந்து, உள்ளே ஈரமாக, ஆள் உயரத்துக்குக் குவியல். பார்த்ததுமே, "அந்தப் பக்கம் ஏறாதீங்க, சுத்திக்கிட்டு வாங்க," என்று என் வீட்டுக்காரரிடம் தனியாகச் சொன்னேன். தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு ஈடு யாருமில்லை.

கையில் ஒரு பெரிய விரால் மாட்டியதும் தலையும் மறந்தது, ஆட்டியதும் மறந்தது. அதைப் பழனியிடம் காட்டிவிட வேண்டும். சுற்றி வர நேரமில்லை. குவியல் மேலேயே காலை வைத்து ஏறிவிட்டார். பக்கத்தில் இருந்த ஒருவர் அதற்கு முன்பே ஒரு சத்தம் கேட்டதாகப் பிறகு சொன்னார். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் 'ஸ்ஸ்' என்று நீளமாக வருமே, அந்தச் சத்தம். யாரோ சைக்கிளுக்குக் காற்று பிடுங்குகிறார்கள் என்று நினைத்தாராம். குளத்துக் கரையில் எந்தச் சைக்கிள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

போற வழிதானே

கால் வீங்க ஆரம்பித்தது. வலி தாங்காமல் என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். அப்போதும் ஒருவன் சொன்னான், "கசக்குது இல்ல, அப்பறம் ஏன் வலிக்குது," என்று.

பழனி தன் துண்டை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். ரத்த ஓட்டம் நின்று காலே போய்விடும், கட்டாதே என்று நான் பிடுங்கப் போனால் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பாசத்தோடுதான் பிடித்தார்கள். பாசத்துக்கு அந்த நேரத்தில் ஒரு அறை கொடுக்கலாம் போலிருந்தது.

"சரிங்கண்ணி, ஆஸ்பத்திரிக்கே போவோம்," என்றான் பழனி கடைசியில். "போற வழிதானே, வேர்க்காரருட்ட ஒரு எட்டு காட்டிட்டுப் போயிருவோம். அவரு குடுத்தா அதோட நிக்கும்."

அது போகிற வழியே இல்லை. பாம்புக்கடிக்கு வேர் கொடுக்கும் அந்த நாட்டு வைத்தியர் வீட்டுக்கு இரண்டு ஊர் தள்ளி, வாய்க்கால் கரையோடு உள்ளே போக வேண்டும். ஆனால் பழனி பைக்கைக் கிளப்ப, என் வீட்டுக்காரர் நடுவில், பின்னால் ஒருவர் அணைத்துப் பிடிக்க, வண்டி போய்விட்டது. ஈரச் சேலையோடு நான் ஸ்கூட்டியில் பின்னால் போனேன். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போனேன். யாரைத் திட்டினேன் என்று கேட்காதீர்கள், பட்டியல் நீளம்.

வேர்க்காரர் கெட்ட மனுஷர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். பேராசை கிடையாது, பேச்சில் பந்தா கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்து, "பயப்படாத தம்பி, எங்கிட்ட வந்துட்ட," என்றார். ஏதோ ஒரு வேரை அரைத்து மோரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார். இன்னொரு துண்டு வேரைக் கையில் கட்டினார்.

குடித்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் எச்சில் துப்பினார். சிவப்பாக இருந்தது. மறுபடி துப்பினார். பல் ஈறெல்லாம் ரத்தம்.

"பாத்தியா, விஷம் எறங்குது," என்றார் வேர்க்காரர்.

பழனி கைகூப்பினான்.

கழுத்தில் கிடந்த விசிலை வாயில் வைத்து என் மூச்சு இருக்கும்வரை ஊதினேன். தெருவே வெளியே வந்தது. நெல் மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குட்டி யானை வண்டி நின்றது. "இவருக்குப் பாம்பு கடிச்சிருச்சு, ஆஸ்பத்திரிக்குப் போகணும், இங்க யாரு தடுத்தாலும் போலீசுக்குப் போவேன்," என்று கத்தினேன். யாரும் தடுக்கவில்லை. டிரைவர் இறங்கிவந்து என் வீட்டுக்காரரைத் தூக்கிச் சாக்குகளின் மேல் படுக்கவைத்தார். அந்த டிரைவர் பேர்கூட எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யாரும் அவருக்கு நன்றி சொல்லவும் இல்லை.

கண்ணாடிக் குழாய்

முதலில் போன ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசியை ஆரம்பித்து, ஆம்புலன்சில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா, என் பழைய மாணவிகள் வயசுதான் இருக்கும், துண்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இத யாரு கட்டினது?"

"ஊரு கட்டினது," என்றேன்.

அவர் ரத்தம் எடுத்துக் காட்டிய காட்சியை நான் மறக்க மாட்டேன். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை விட்டு ஆடாமல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, குழாயைச் சாய்த்தார். உங்கள் ரத்தமோ என் ரத்தமோ என்றால் அதற்குள் கட்டியாகி ஒட்டியிருக்க வேண்டுமாம். என் வீட்டுக்காரர் ரத்தம் டீத்தண்ணி மாதிரி அந்தப் பக்கம் ஓடியது.

"கண்ணாடி விரியனா இருக்கும்மா. லேட்டா வந்திருக்கீங்க. பாப்போம்," என்றார்.

அந்தப் "பாப்போம்" எத்தனை நாள் நீண்டது என்று நான் எண்ணவில்லை. விஷமுறிவு மருந்து பாட்டில் பாட்டிலாக ஏறியது. ரத்தம் உறைய ஆரம்பித்தது என்று மூச்சு விட்டபோது சிறுநீர் நின்றுபோனது. கிட்னி வேலை செய்யவில்லை என்று டயாலிசிஸ் மெஷினில் போட்டார்கள். முகம் வீங்கி, கண் இடுங்கி, அடையாளம் தெரியாமல் கிடந்தார். அந்தச் சிறுநீர்ப் பையைப் பார்ப்பதே எனக்கு வேலை. காலையில் எழுந்ததும் பார்ப்பேன், டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பேன். காலியாகவே தொங்கும்.

ஒரு நாள் அதில் கொஞ்சம் தெரிந்தது. பழுப்பாக, அடியில் ஒரு விரல்கடை அளவு. வார்டு என்றும் பாராமல் நான் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் அம்மா, "என்னாச்சும்மா," என்று பதறி வந்தார். "ஒண்ணுக்குப் போயிட்டாரும்மா," என்றேன். அந்த அம்மாவும் என்னோடு சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீக்கடைக் கதை

குச்சி மாதிரி மெலிந்து வீடு திரும்பினார். உப்பில்லாத குழம்பு சாப்பிட்டார், நடை பழகினார். ஒரு நாள் சாயங்காலம் பால் வாங்கப் போன நான், டீக்கடையில் அவர் குரல் கேட்டு நின்றேன்.

"ஆஸ்பத்திரியில என்னய கைவிட்டாச்சுய்யா. மிசின்ல மாட்டி வச்சிட்டாங்க. உள்ள போயிருந்துச்சு பாரு அந்த வேரு, அதான் உசுரப் புடிச்சு வச்சிருந்துச்சு."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பழனிக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான் வண்டியத் திருப்புனேன்," என்றான்.

பால் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். "ஏங்க, யாரு கைவிட்டது? ராப்பகலா ஒங்க ஒண்ணுக்கை அளந்து எழுதினாங்களே, அவங்களா?" என்று கேட்டேன். கடையில் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

வீட்டில் சண்டை. நான் போட்டதில் பெரிய சண்டை அதுதான்.

"ஏன் இப்படிப் பொய் சொல்றீங்க?"

"பொய்யில்ல மலரு. எனக்கு அப்படித்தான் தோணுது."

"என்ன தோணுது?"

அவர் பாயை விரித்துப் படுத்தார். பிறகு சொன்னார். "அங்க என்னய மனுசனாவா வச்சிருந்தாங்க? துணியில்லாமப் போட்டுக் குழாயா சொருகி வச்சிருந்தாங்க. ஏன் லேட்டுன்னு ஆளாளுக்குத் திட்டுறாங்க. அந்தாளு ஒருத்தருதான் தலையில கைய வச்சு, பயப்படாத தம்பின்னாரு. அந்தக் கை எனக்கு மறக்கல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். ஊசி போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல நேரமில்லை. ஆறுதல் சொன்னவரிடம் மருந்தில்லை. அதற்காக எது காப்பாற்றியது என்பதை மாற்றிச் சொல்லிவிடலாமா?

"கை வச்சதுக்கு நன்றி சொல்லுங்க. போயி கும்புடுங்க, நானும் வர்றேன். உசுரக் காப்பாத்துனது ஊசின்னு மட்டும் சொல்லுங்க. நாளைக்கு இன்னொருத்தர் இத நம்பிப் போவாங்க."

"ஆமா, என்னயக் கேட்டுத்தான் ஊரு நடக்குது," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊர் அவரைக் கேட்டுத்தான் நடந்தது. அடுத்த வாரமே வேர்க்காரருக்குச் சால்வை போட்டார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "இவரு இல்லன்னா நான் இல்ல," என்று சொன்னதை யாரோ போனில் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. அதற்குக் கீழே நான் ஒரு நீளமான பதில் எழுதினேன், அந்தக் கண்ணாடிக் குழாய் முதல் டயாலிசிஸ் வரை எல்லாவற்றையும். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை திருப்பி எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ கீழே ஒரு காலை வணக்கம் படம் போட்டார்கள்.

டீக்கடைக் கதை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. என் வீட்டுக்காரர் கதை சொல்வதில் கெட்டிக்காரர். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி சின்னதாகும், வேர் பெரிசாகும். அந்தக் குட்டி யானை வண்டி கதையிலிருந்து காணாமலே போய்விட்டது.

பறி

அதே வருஷம் ஐப்பசி. நல்ல மழை, வயலெல்லாம் தண்ணீர். வயல் தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்கும் மடையில் பறி வைப்பார்கள். மூங்கில் சிம்பில் பின்னிய கூடு அது. மீன் உள்ளே போகும், வெளியே வர முடியாது. சாயங்காலம் வைத்தால் காலையில் கெண்டையும் குரவையும் விழுந்திருக்கும். மீன் விழுந்தால் மீனைத் தின்னப் பாம்பும் உள்ளே வரும். அதனால் பறிக்குள் கை விடக் கூடாது, கரையில் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பதும் என் பாட்டில் உண்டு.

செல்வி கவிழ்த்துத்தான் கொட்டியிருக்கிறாள். பக்கத்து வயலில் களை பறித்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். மீன் விழுந்திருக்கிறது, ஒரு நல்ல பாம்பும் சேர்ந்து விழுந்திருக்கிறது. கவிழ்த்துக்கொண்டிருந்த கையிலேயே போட்டுவிட்டது.

அவள் அலறவில்லையாம். வரப்பில் உட்கார்ந்து, "நல்லதுதான் கடிச்சிருச்சு, நான் பாத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். பழனி பைக்கோடு ஓடி வந்திருக்கிறான். ஆம்புலன்சுக்கு ஒரு பெண் போன் போட்டிருக்கிறாள்.

"அது வர்றதுக்குள்ள அங்க போயிருவோம்," என்று பழனி சொன்னானாம். "கணேசண்ணனுக்கே கேட்டுச்சுல்ல. பயப்படாத செல்வி."

வேர்க்காரர் அரைத்துக் கொடுத்ததை அவளால் விழுங்க முடியவில்லை. மோர் கடைவாயில் வழிந்ததாம். கண்ணிமை சொருகியது, பேச்சுக் குழறியது. அதற்குப் பிறகுதான் வேர்க்காரரே பயந்துபோய், "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கப்பா," என்றிருக்கிறார். வழியில் மூச்சு நின்றுவிட்டது.

நான் பள்ளி மைதானத்தில் கோ-கோ நடத்திக்கொண்டிருந்தேன். செய்தி வந்தபோது என் கையிலிருந்த விசில் கீழே விழவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, வண்டியை எடுத்தேன். வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் பக்கத்து வீட்டுக்குப் போனோம்.

செல்வியைப் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். கடிபட்ட கையை மாலைக்கடியில் மறைத்திருந்தார்கள். குளத்தங்கரையில் வேப்பிலைப் பரீட்சைக்குச் சுற்றி நின்ற அத்தனை முகங்களும் அங்கே இருந்தன.

பழனி எழுந்து வந்து என் வீட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவன் அழவில்லை. குரலில் கோபமும் இல்லை. கணக்குத் தப்பாக வந்த பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதுபோல் கேட்டான்.

"அண்ணே, ஒங்களுக்குக் குடுத்த அதே வேரத்தாண்ணே கேட்டு வாங்குனேன். கணேசண்ணனுக்குக் குடுத்ததையே குடுங்கன்னு சொல்லித்தான் வாங்குனேன். அவளுக்கு மட்டும் ஏண்ணே கேக்கல?"

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இப்போதாவது விட்டுவிடு என்று அர்த்தம். அவள் விதி முடிஞ்சதுடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழனி அதைப் பிடித்துக்கொண்டு அழுவான், எழுவான், மிச்ச நாளை ஓட்டிவிடுவான். ஊரும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றது. ஆனால் அந்த ஊர்தான் நாளைக்கு மறுபடி வாய்க்காலில் இறங்கப் போகிறது. அவர்களில் யாரை அடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள்?

"சொல்லுங்க," என்றேன்.

சாவு வீட்டில் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று இன்றுவரை என்னிடம் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அவருக்கு வாய் கோணியது. பிறகு வந்தது, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே வந்தது. "வேரு இல்ல பழனி. ஊசிதான் என்னயக் காப்பாத்துச்சு. அங்க போகாம இருந்திருந்தா நானும் செத்திருப்பேன்."

பழனி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இத டீக்கடையில சொல்லியிருக்கலாமேண்ணே," என்றான்.

சொல்லிவிட்டுக் கையை விட்டான். செல்வியின் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.